தேக்கா, ச்சூஜியாவ், மறுபடியும் தேக்கா: சிங்கப்பூர்ச் சீனர்கள் மாண்டரின் கற்ற கதை

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையும் புக்கிட் தீமா சாலையும் சந்திக்கும் மூலையில் தேக்கா சந்தை இருக்கிறது. கீழே ஆட்டிறைச்சி, மீன், முருங்கைக்காய். மேலே சேலைக் கடைகள், சுடிதார் தைப்பவர்கள். அங்கே வாழும் தமிழர்களுக்குத் தேக்கா என்பது கிட்டத்தட்ட ஒரு தமிழ்ச் சொல். உண்மையில் அது ஹொக்கியன், தென்சீனத்து மொழிகளில் ஒன்று. 'தேக் கியா கா' என்றால் சிறு மூங்கில்களின் அடி. ரோச்சோர் கால்வாய் ஓரத்தில் மூங்கில் வளர்ந்திருந்த காலத்தில் வைத்த பெயர். 1982-ல் சந்தை இன்றைய கட்டடத்துக்கு மாறியபோது பலகையில் ஏறிய பெயர் வேறு: 'ச்சூஜியாவ் நிலையம்'. அதே சீன எழுத்துகள், அதே பொருள், சீனாவின் பொதுமொழியான மாண்டரின் உச்சரிப்பு மட்டும் புதிது. தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் வாயில் நுழையவில்லை. சீனக் கிழவிகளுக்கும் அது எந்த இடம் என்று புரியவில்லை. எல்லோரும் தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2000-ல் பலகையும் வழிக்கு வந்தது.

ஒரு சந்தையின் பெயரை மாற்றிப் பிறகு திருப்பிக் கொடுத்த இந்தச் சின்னக் கதைக்குள் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தால் வேலை கிடைக்கும் ஊரில், மாண்டரினையும் கட்டாயமாகக் கற்பதால் ஒரு சீனருக்கு என்ன கிடைக்கிறது? சிங்கப்பூர் இந்தக் கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பதில் சொல்லிவருகிறது. பதில் ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறியிருக்கிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். சீனர் என்றால் சீனம் பேசுவார், சீனம் என்றால் மாண்டரின் என்று நாம் நினைக்கிறோம். சிங்கப்பூருக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தென்சீனக் கடலோரத்துக்காரர்கள்: ஹொக்கியன், தியோச்சு, கண்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ். இவற்றை வட்டார வழக்கு என்பது அரசாங்கப் பேச்சு. மதுரைத் தமிழ், நாஞ்சில் தமிழ் மாதிரி இல்லை. தமிழனுக்குக் கன்னடம் காதில் விழுவது போலத்தான் ஹொக்கியன்காரருக்குக் கண்டனீஸ். சாப்பிடு என்பதற்கு ஹொக்கியனில் 'ஜியாக்', கண்டனீஸில் 'சிக்', மாண்டரினில் 'ச்சர்'. எழுத்து மட்டும் பொது. அதனால்தான் ஒரே குடும்பப் பெயர் ஹொக்கியன் வீட்டில் டான், கண்டனீஸ் வீட்டில் சான், மாண்டரினில் சென். காலனிக் காலத்துக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். சிங்கப்பூரில் திரு டானும் திரு சானும் கைகுலுக்கும்போது, எழுத்தில் பார்த்தால் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான்.

இந்தக் கூட்டத்தில் மாண்டரின் எங்கே இருந்தது? 1957 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாண்டரினைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 0.1 விழுக்காடு. ஆயிரத்தில் ஒருவர். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் பள்ளிச் சான்றிதழில் 'தாய்மொழி' என்ற கட்டத்துக்குள் உட்கார்ந்தது இந்த மொழிதான்.

மாண்டரின் இந்த ஊருக்குள் வந்தது பள்ளிக்கூட வாசல் வழியாக. அதற்கு முன்பு ஹொக்கியன் சங்கம் நடத்திய பள்ளியில் ஹொக்கியன், கண்டனீஸ் சங்கப் பள்ளியில் கண்டனீஸ். சீனாவில் மன்னராட்சி விழுந்து, தேசம் என்ற எண்ணம் எழுந்து, ஒரே பொதுமொழி வேண்டும் என்ற பேச்சு வலுத்தபோது அந்தக் காற்று தெற்கே நன்யாங்குக்கும், அதாவது தென்கிழக்காசியாவுக்கும் வீசியது. ரப்பர் வணிகர் டான் கா கீ 1919-ல் தொடங்கிய சீன உயர்நிலைப் பள்ளி எந்தச் சங்கத்துப் பிள்ளையாக இருந்தாலும் சேர்த்துக்கொண்டு மாண்டரினில் பாடம் நடத்தியது. ஆக, அப்போது மாண்டரின் யாருக்கும் வீட்டுமொழி இல்லை. படித்தவன் மொழி, புதிய சீனத்தின் மொழி, கொஞ்சம் அரசியல் வாசனை அடித்த மொழி.

அந்த மொழிமேல் சாதாரண மக்களுக்கு இருந்த பிடிப்புக்கு ஒரு சாட்சி நன்யாங் பல்கலைக்கழகம். 1953-ல் டான் லார்க் சை என்ற இன்னொரு ரப்பர் முதலாளி, சீன மொழியில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று சொல்லி 50 லட்சம் வெள்ளி (டாலர்) தருவதாக அறிவித்தார். ஹொக்கியன் சங்கம் ஜூரோங்கில் 523 ஏக்கர் நிலம் கொடுத்தது. அப்புறம் நடந்ததுதான் வியப்பு. டிரைஷா (சைக்கிள் ரிக்‌ஷா) மிதிப்பவர்கள் ஒருநாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். நடன விடுதிப் பெண்கள் நன்கொடைக்காக ஆடினார்கள். தங்கள் பெயரையே எழுதத் தெரியாத எத்தனையோ பேர், தங்கள் பிள்ளைகள் படிப்பார்களோ மாட்டார்களோ தெரியாத ஒரு பல்கலைக்கழகத்துக்குக் காசு போட்டார்கள். தென்கிழக்காசியாவில் சீன மொழியில் நடந்த முதல் பல்கலைக்கழகம் அது. 1956-ல் வகுப்புகள் தொடங்கின.

ஆனால் அந்தப் பட்டத்தை 1968 வரை அரசு அங்கீகரிக்கவில்லை. பனிப்போர்க் காலம், சீனப் பள்ளிகள் என்றாலே கம்யூனிஸ்ட் கூடாரம் என்ற அச்சம் ஆட்சியாளர்களுக்கு இருந்தது. டான் லார்க் சையின் குடியுரிமையே பறிபோனது. அரசியலைவிடக் கொடிய எதிரி சம்பளப் பட்டியல். பன்னாட்டு நிறுவனங்கள் வந்திறங்கிய ஊரில் ஆங்கிலம் படித்தவனுக்கு ஒரு சம்பளம், சீனம் படித்தவனுக்கு வேறு சம்பளம். 1959-ல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் சீனப் பள்ளிகளுக்குப் போனார்கள். 1970-களின் கடைசியில் பத்தில் ஒருவர்தான். யாரும் அந்தப் பள்ளிகளைப் பூட்டவில்லை. பெற்றோர்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து எதிர்த்தெருப் பள்ளிக்கு அழைத்துப் போனார்கள், அவ்வளவுதான். இதே அலையில்தான் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் 1982-ல் மூடியது. நன்யாங் பல்கலைக்கழகம் 1980-ல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. 1987-ல் எல்லாப் பள்ளிகளுக்கும் ஆங்கிலமே பயிற்றுமொழி.

இதை நடத்திவைத்தவரின் சொந்தக் கதை சுவையானது. சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ 1923-ல் பெரானாக்கான் குடும்பத்தில், அதாவது மலாய்ப் பண்பாட்டோடு கலந்துபோன சீனக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் பேசியது ஆங்கிலமும் மலாயும். பாட்டி சின்ன வயதில் ஒரு சீனப் பள்ளியில் சேர்த்துவிட்டார். பையனுக்கு ஒன்றும் புரியாமல் அழுது, ஆங்கிலப் பள்ளிக்குப் போய்விட்டான். கேம்பிரிட்ஜ் போய் வந்து அரசியலில் இறங்கியபோதுதான் தெரிந்தது, வாக்காளர்களோடு பேச மொழி இல்லை என்று. முப்பது வயதுக்கு மேல் மாண்டரின் படித்தார். 1961 இடைத்தேர்தல் சமயத்தில் ஹொக்கியனும் கற்று மேடையில் பேசினார். வயதான காலத்திலும் மாண்டரின் ஆசிரியரை வைத்துக்கொண்டு பயின்றுவந்தார். தன் மூன்று பிள்ளைகளையும் சீனப் பள்ளியில் சேர்த்தார். பிற்காலத்தில் சீனப் பள்ளிகளை வற்றவிட்ட அரசின் தலைவரும், நாட்டையே மாண்டரின் பேச வைக்க முயன்றவரும் ஒரே ஆள். இழந்ததைத் தேடியவரின் பிடிவாதம் அந்தக் கொள்கையில் தெரிகிறது என்பது என் எண்ணம்.

கொள்கை என்ன? ஆங்கிலம் எல்லோருக்கும். அது பிழைப்புக்கு, சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவருக்கும் பொதுவாகவும் இருக்கும், யாருக்கும் சொந்தமாகவும் இருக்காது. கூடவே ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு தாய்மொழி. இரண்டாம் மொழி 1960-ல் தொடக்கப் பள்ளிகளிலும் 1966-ல் உயர்நிலைப் பள்ளிகளிலும் கட்டாயமானது. சீனப் பிள்ளை என்றால் மாண்டரின். வீட்டில் பாட்டி என்ன மொழியில் தாலாட்டினாள் என்று யாரும் கேட்கவில்லை. இனம் அப்பாவைப் பார்த்துப் பதிவானது. தாய்மொழியைத் தீர்மானித்தது தந்தை!

1979 தொடக்கத்தில் வெளிவந்த துணைப் பிரதமர் கோ கெங் சுவீயின் கல்வி அறிக்கை இந்த ஏற்பாட்டின் ஓட்டையைச் சுட்டியது. பிள்ளைகள் ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் படிக்கிறார்கள். அவர்களில் 85 விழுக்காட்டினர் வீட்டில் இந்த இரண்டில் எதையும் பேசுவதில்லை. அதாவது, ஐந்தில் நான்கு பேருக்கு மேல், பள்ளிக்குள் நுழைந்ததும் ஒரே நேரத்தில் இரண்டு அந்நிய மொழிகள். நம் ஊரில் கன்னடம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு இந்தியையும் ஆங்கிலத்தையும் ஒன்றாகக் கொடுத்து, இந்தி உன் தாய்மொழி என்று சொன்னால் எப்படி இருக்கும்? அரசு ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்தது: ஹொக்கியனும் அதன் கூட்டாளிகளும். மூன்று மொழிகளைச் சராசரி மூளை தாங்காது, ஒன்றை இறக்கிவைக்க வேண்டும் என்பது வாதம்.

1979 செப்டம்பர் 7 அன்று 'மாண்டரின் பேசுவோம்' இயக்கம் தொடங்கியது. மாண்டரினை அதிகம் பேசு, வட்டார மொழியைக் குறை என்பதுதான் முழக்கம். அரசு முகப்புகளில் இருந்தவர்கள், டாக்சி ஓட்டுநர்கள், உணவங்காடிக்காரர்கள் எல்லோரையும் நோக்கிச் சுவரொட்டிகள் போயின. ஹாங்காங் தொடர்கள் மாண்டரின் குரல் பூசிக்கொண்டு திரையில் வந்தன. ரீடிஃப்யூஷன் வானொலியில் லீ டாய் சோ கண்டனீஸில் கதை சொன்னால் காப்பிக் கடைகளில் கூட்டம் அசையாமல் உட்கார்ந்து கேட்குமாம். அந்த நிகழ்ச்சிகள் 1980-களின் தொடக்கத்தில் நின்றுபோயின. லீ குவான் யூ தானும் ஹொக்கியனில் மேடைப்பேச்சு பேசுவதை விட்டார். புதிய நகரங்களுக்கு மாண்டரின் பெயர்கள் வந்தன. நீ சூன் என்ற தியோச்சுப் பெயர் யீஷூன் ஆனது. தேக்கா ச்சூஜியாவ் ஆனதும் இந்த வேகத்தில்தான்.

இதைப் போல வெற்றி பெற்ற மொழி இயக்கத்தை உலகத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். 1980-ல் முதல் வகுப்பில் சேர்ந்த சீனப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வீட்டில் ஏதோ ஒரு வட்டார மொழி பேசினார்கள். பத்தே ஆண்டில் அது பத்தில் ஒருவருக்கும் கீழே போனது. நாட்டின் எல்லா இனத்தாரையும் சேர்த்துப் பார்த்தால், 1990-ல் கிட்டத்தட்ட 40 விழுக்காட்டினரின் வீட்டுமொழி சீன வட்டார மொழிகள், 2020-ல் 8.7 விழுக்காடு. ஆயிரத்தில் ஒருவருக்குச் சொந்தமாக இருந்த மாண்டரின், ஒரு தலைமுறைக்குள் சீனர்களின் முதன்மை வீட்டுமொழி ஆயிற்று. 2010 கணக்கெடுப்பில் சீனர்களில் 47.7 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசியது மாண்டரின்.

சரி, அதற்குப் பிறகு? காலி செய்த இடத்தில் மாண்டரின் நிலையாக உட்கார முடியவில்லை. 2020-ல் சீனர்களில் 47.6 விழுக்காட்டினருக்கு வீட்டுமொழி ஆங்கிலம், மாண்டரின் 40.2. முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளை மட்டும் பார்த்தால் இன்னும் தெளிவு: சீனக் குடும்பங்களில் 71 விழுக்காடு வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுகின்றன என்று 2019-ல் பிரதமர் லீ சியன் லூங், இயக்கத்தின் நாற்பதாவது ஆண்டு விழாவிலேயே சொன்னார். ஹொக்கியனைத் துரத்தத் தொடங்கிய இயக்கம், 1990-களிலிருந்து ஆங்கிலம் படித்த சீனர்களைப் பார்த்துக் கெஞ்சும் இயக்கமாக மாறிவிட்டது. ஹொக்கியன் காவல் நின்ற வாசலில் மாண்டரின் நின்றது. அது பள்ளியில் கற்ற மொழி. பள்ளியில் கற்ற இன்னொரு மொழி, அதுவும் சம்பளம் தரும் மொழி வந்தபோது, வழிவிட வேண்டியதாயிற்று.

இவ்வளவு உழைப்புக்கும் சொன்ன காரணங்களைப் பார்ப்போம். மூன்று காரணங்கள், மூன்று காலங்கள்.

முதல் காரணம் ஒற்றுமை. இதை லேசாக ஒதுக்க முடியாது. 1854-ல் இதே சிங்கப்பூரில் ஹொக்கியன்காரர்களும் தியோச்சுக்காரர்களும் பத்து நாளுக்கு மேல் வெட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் தொழில், தெரு, கோயில், இடுகாடு எல்லாம் மொழிவாரியாகப் பிரிந்து கிடந்தன. இன்று ஒரு இளைஞரைக் கேட்டால் தான் தியோச்சா ஹக்காவா என்று யோசித்துத்தான் சொல்வார். எல்லோரும் கலந்து வாழும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளும் இதற்குக் காரணம், ஆனால் மாண்டரினுக்கும் பங்குண்டு. என்ன, ஒன்றாக்கியது என்பதும் அழித்தது என்பதும் இங்கே ஒரே செயலின் இரண்டு பெயர்கள்.

இரண்டாவது காரணம் பண்பாடு. ஆங்கிலம் மட்டும் படித்தால் பிள்ளைகள் வேரறுந்து போவார்கள், கப்பல் சாயாமல் இருக்க அடியில் போடும் பாரம் போல் தாய்மொழி வேண்டும் என்று லீ திரும்பத் திரும்பச் சொன்னார். ஆங்கிலம் மட்டும் பேசும் சீனரை ஹொக்கியனில் 'ஜியாக் கந்தாங்' என்று கிண்டல் செய்வார்கள்: உருளைக்கிழங்கு தின்னி. சோற்றை விட்டுக் கிழங்குக்குப் போனவன் என்று பொருள். அந்தக் கிண்டலுக்கு அஞ்சி மாண்டரின் கற்றவர்கள் உண்டு. ஆனால் இந்தக் காரணத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் வேர் என்பது எது? கன்பூசியஸ் நூலா, பாட்டி சொன்ன பழமொழியா? நூல் மாண்டரினில் கிடைத்தது. பாட்டியிடம் பேசத்தான் மொழி இல்லாமல் போனது. ஒரே வீட்டில் பாட்டி ஹொக்கியன், பேரன் ஆங்கிலம், நடுவில் அம்மா மாண்டரினிலும் இரண்டிலுமாக மொழிபெயர்க்கும் காட்சி சிங்கப்பூரில் சாதாரணம்.

மூன்றாவது காரணம் பணம். 1978-ல் சீனத் தலைவர் டெங் சியாவ்பிங் தன் நாட்டின் கதவைத் திறக்க ஆரம்பித்தார். அந்த நவம்பரில் சிங்கப்பூருக்கும் வந்தார். 1990-ல் தூதரக உறவு. 2013-ல் சீனா சிங்கப்பூரின் மிகப்பெரிய வணிகக் கூட்டாளி ஆனது. மாண்டரின் தெரிந்தால் சீனாவில் காசு என்பது எளிதாக விற்ற வாதம். வேரைப் பற்றிக் கவலைப்படாத பெற்றோருக்கும் இது புரிந்தது.

ஆனால் மொழி தெரிந்தால் போதுமா என்பதற்குச் சீன நகரமான சூச்சோ ஒரு நல்ல பாடம். 1994-ல் இரு அரசுகளும் கைகோத்து அங்கே ஒரு தொழிற்பூங்கா தொடங்கின. சிங்கப்பூர் தரப்புக்கு 65 விழுக்காடு பங்கு. அதிகாரிகளுக்கு மாண்டரின் தெரியும், முதலீட்டாளர்களிடம் பேச ஆங்கிலமும் தெரியும். இருமொழிக் கொள்கையின் கண்காட்சியாகவே அது இருந்திருக்க வேண்டும். ஆனால் உள்ளூர் நகராட்சி பக்கத்திலேயே தன் சொந்தத் தொழிற்பேட்டையை வளர்த்து முதலீட்டாளர்களை இழுத்தது. அதே சொற்கள், அதே எழுத்துகள். சட்டம், நட்பு, வாக்கு என்பவற்றுக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு பொருள். நட்டம் சேர்ந்து, 2001-ல் சிங்கப்பூர் தன் பங்கை 35 விழுக்காடாகக் குறைத்துக்கொண்டது. அதன்பின் பூங்கா நன்றாகவே ஓடியது என்பது வேறு விஷயம். இதற்கு மறுபக்கமாக இன்னொரு காட்சி: 1976-ல் முதன்முறை சீனா போன லீ குவான் யூ, மாண்டரின் தெரிந்திருந்தும் சீனத் தலைவர்களோடு பேச்சுவார்த்தையை ஆங்கிலத்தில்தான் நடத்தினார். தன்னுடையது சீனர்களின் நாடு இல்லை என்று அண்டை நாடுகளுக்குக் காட்ட வேண்டியிருந்தது. இரண்டு மொழி தெரிந்தவனுக்கு எதைப் பேசாமல் இருப்பது என்ற தேர்வும் கையில் இருக்கிறது. மாண்டரின் மதிப்பைப் பற்றிய பேச்சில் இதை யாரும் சேர்ப்பதில்லை.

மூளை கூர்மையாகும் என்ற வாதத்தையும் சிலர் கொண்டுவருவார்கள். ஆய்வாளர்களே அதில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருப்பதால் விட்டுவிடலாம்.

படிக்கிற பிள்ளையின் பக்கம் வருவோம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் கணக்கில் தமிழுக்குச் சுமார் 1,100 வகுப்பு மணி நேரம், மாண்டரினுக்கு 2,200. இரட்டிப்புக்குக் காரணம் பெரும்பாலும் எழுத்து. தமிழில் 247 எழுத்துகளை அறிந்தால் எதையும் வாய்விட்டுப் படித்துவிடலாம். சீனத்தில் நாளிதழ் படிக்கவே இரண்டாயிரம், மூவாயிரம் எழுத்துகள் தெரிய வேண்டும், ஒவ்வொன்றையும் கோடு கோடாக மனப்பாடம் செய்து. வாரந்தோறும் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதும் 'திங்ஷியே' தேர்வு, பார்க்காமல் ஒப்பித்து எழுதும் 'மோஷியே' தேர்வு. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு இவை வாரந்தோறும் வரும் காய்ச்சல். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண்ணில் தாய்மொழியும் சேரும் என்பதால் துணைப்பாட வகுப்பு, அதற்கு மேல் இன்னொரு துணைப்பாட வகுப்பு. இந்தப் பாடத்துக்குப் பயந்தே ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் உண்டு.

2009 நவம்பரில், சீனமொழிக் கற்பித்தலுக்கான மையம் ஒன்றின் திறப்பு விழாவில் லீ குவான் யூ இதை ஒப்புக்கொண்டார். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு இந்த முறையில் கற்பித்தது தவறு, திங்ஷியே, மோஷியே என்று வற்புறுத்தியது பைத்தியக்காரத்தனம், தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள் என்ற பொருளில் பேசினார். அரசியல்வாதிகளிடமிருந்து இப்படி ஒரு வாக்குமூலம் அடிக்கடி கிடைப்பதில்லை. அதற்கு முன்பே, தடுமாறுகிறவர்களுக்கென்று எளிதாக்கிய 'பி' பாடத்திட்டம் வந்திருந்தது. பேச்சுக்கு முதலிடம், எழுத்துக்கு அடுத்த இடம் என்று பாடமும் மாறியது. இப்போது கைப்பேசியில் ஒலியைத் தட்டினால் எழுத்து தானே வருகிறது. கையால் எழுதப் பேனா எடுத்தால் எழுத்து மறந்துபோவதற்குச் சீனாவிலேயே ஒரு சொலவடை உண்டு, 'திபி வாங்ஸி'. சீனாவில் பிறந்தவருக்கே அந்தக் கதி என்றால் சிங்கப்பூர்ப் பையனை எப்படிக் குறை சொல்வது?

பாலத்துக்கு அப்பால் மலேசியாவில் கதை வேறு மாதிரி. அங்கே அரசு தேசிய மொழியாக மலாயை நிறுத்தியது. சீனர்கள் தங்கள் பள்ளிகளைத் தாங்களே காசு போட்டுக் காத்தார்கள். சுமார் 1,300 சீனத் தொடக்கப் பள்ளிகளும், சமூகம் நடத்தும் அறுபதுக்கு மேற்பட்ட தனி உயர்நிலைப் பள்ளிகளும் இருக்கின்றன. 1975 முதல் அவற்றுக்கென்று சொந்தப் பொதுத்தேர்வு. நெடுங்காலம் உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் செல்லாத அந்தச் சான்றிதழ், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் செல்லும்! விளைவு, பினாங்கிலோ ஜொகூரிலோ படித்த ஒரு சீனர் மாண்டரின், மலாய், ஆங்கிலம், வீட்டில் ஹொக்கியன் என்று நான்கு மொழிகளில் சர்வசாதாரணமாகத் தாவுவார். மூன்றைச் சராசரி மூளை தாங்காது என்ற கணக்கு என்னவாயிற்று என்று கேட்கத் தோன்றும். சிங்கப்பூரின் சீனச் செய்தி அறைகளிலும் சீனமொழி வகுப்புகளிலும் மலேசியாவில் படித்தவர்கள் கணிசமாக இருப்பது தற்செயல் இல்லை. மலேசியாவின் சீனத் தொடக்கப் பள்ளிகளில் இன்று கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பிள்ளை சீனரே அல்ல. மலாய்ப் பெற்றோரும் இந்தியப் பெற்றோரும் தேடிவந்து சேர்க்கிறார்கள்.

இந்தோனேசியாவில் இதன் தலைகீழ்ப் படம். சுகார்த்தோ ஆட்சியில் சீனப் பள்ளிகள் மூடப்பட்டன, சீன எழுத்துக்குத் தடை, பெயர்களை மாற்றிக்கொள்ள நெருக்கடி. 2000-ல் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் சீனப் பண்பாட்டின் மேலிருந்த தடையை நீக்கும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் இது நீடித்தது. ஒரு முழுத் தலைமுறைக்கு மாண்டரின் தெரியாமல் போனது. ஆனால் மேடானுக்குப் போனால் சந்தையில் இன்றும் ஹொக்கியன் கேட்கிறது. பொந்தியானாக்கில் தியோச்சு, சிங்காவாங்கில் ஹக்கா. தடைபோட்ட ஊரில் பாட்டிமொழி பிழைத்திருக்கிறது. மொழியை வளர்க்கக் கோடிகளைக் கொட்டிய ஊரில் அது படுத்துவிட்டது. அடக்குமுறையை நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. மேடான் சீனர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. சமையலறையையும் சந்தையையும் அங்கே வேறு எந்தச் சீனமும் வந்து பிடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் ஒரு சிங்கப்பூர்ச் சீனருக்கு இன்று மாண்டரின் என்ன தருகிறது? வேலைச் சந்தையில், ஆங்கிலமும் மாண்டரினும் சம அளவில் வருகிறவர்களுக்கு மதிப்பு உண்மையிலேயே அதிகம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கும், அதைப் பற்றிய சண்டை தொலைபேசியில் மாண்டரினில் நடக்கும். நடுவில் நிற்கும் வழக்கறிஞருக்கு இரண்டும் வேண்டும். ஆனால் அப்படி வருகிறவர்கள் கொஞ்சம் பேர். மாண்டரின் மட்டும் போதும் என்ற இடத்துக்குச் சீனாவிலிருந்தே ஆள் வருகிறார், அவரோடு உள்ளூர்க்காரர் போட்டி போட முடியாது. அரைகுறை மாண்டரினுக்குச் சந்தையில் பெரிய விலை இல்லை. உணவங்காடியில் சாதம் வாங்க உதவும், அதற்கும் மதிப்பு உண்டுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த பக்கம். 'மாண்டரின் பேசத் தெரிந்தவர் தேவை' என்று வரும் வேலை விளம்பரம், சில சமயம் உண்மையான தேவை. சில சமயம் 'சீனர் மட்டும்' என்பதற்குப் போட்ட முகமூடி. ஒருவரின் மதிப்புக் கூடும்போது இன்னொருவருக்குக் கதவு அடைபடுகிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பணியிட நியாயச் சட்டத்தில் பாகுபாடு காட்டக் கூடாதவற்றின் பட்டியலில் இனம், சமயத்தோடு மொழித்திறனையும் சேர்த்திருக்கிறார்கள். வேலைக்கு அவசியம் என்றால்தான் ஒரு மொழியைக் கேட்கலாம்.

காசு கணக்கைத் தள்ளிவைத்தால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. சிங்கப்பூரர்கள் தங்கள் மாண்டரினைப் 'பூத்தோங்ஹுவா' என்று சீனத்துப் பெயரால் சொல்வதில்லை, 'ஹுவாயூ' என்பார்கள். அதில் சந்தைக்குப் 'பாசா' என்று மலாய்ச் சொல் ஒட்டியிருக்கிறது. டாக்சி 'தஷ்' ஆகிறது. பெய்ஜிங்காரர் காதில் அது வேறு ஊர்ப் பேச்சு. சீனாவிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்களோடு ஒரே மொழியில் பேசும்போதுதான் தாங்கள் எவ்வளவு வேறானவர்கள் என்று பல சிங்கப்பூர்ச் சீனர்களுக்குப் புலப்படுகிறது. மொழி தெரியாமல் இருந்தால் சீனா அவர்களுக்கு வெறும் ஏக்கமாகவோ அச்சமாகவோ இருந்திருக்கும். தெரிந்திருப்பதால் அங்கே வரும் செய்தியை மூலத்திலேயே படித்து, ஆங்கிலச் செய்தியோடு ஒப்பிட்டு, இரண்டையும் நம்பாமல் இருக்க முடிகிறது.

பாட்டிகளின் கணக்கு மட்டும் பாக்கி. 2014-ல் முன்னோடித் தலைமுறைக்கான சலுகைகளை அறிவித்தபோது, அவற்றை முதியவர்களுக்கு விளக்க அரசு ஹொக்கியனையும் கண்டனீஸையும் தேடிப் போக வேண்டியிருந்தது. 2016-ல் அரசின் ஆதரவோடு முதியவர்களுக்கென்று ஒரு ஹொக்கியன் நாடகம் தொலைக்காட்சியின் எட்டாம் ஒளிவழியில் வந்தது. மருத்துவமனைகளில் வயதான நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்க, இளம் மருத்துவர்கள் சில ஹொக்கியன் சொற்களைத் தனியாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

தீபாவளிக்குத் தமிழர் வீட்டில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காசு உறைக்குச் சிங்கப்பூரில் 'அங் பாவ்' என்றுதான் பெயர். மாண்டரினில் 'ஹோங்பாவ்', அப்படி எந்தத் தமிழரும் சொல்லிக் கேட்டதில்லை. தேக்கா சந்தையின் உணவங்காடியில் காலையில் ஒரு மலாய்க்காரர் 'கோப்பி-ஓ' கேட்பார், ஒரு தமிழர் 'கோப்பி பெங்' கேட்பார். ஓ என்றால் கறுப்பு, பெங் என்றால் பனிக்கட்டி. இரண்டும் ஹொக்கியன்.